எல்லா எழுத்தும் உள்ள கடை

'ஐ' என்ற எழுத்துக்கு உங்கள் பள்ளிக்கூடச் சுவரில் என்ன படம் இருந்தது? எழுபதைத் தாண்டியவர்களைத்தான் கேட்கிறேன். காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது எங்களுக்கு மத்தியானத்துக்குள் மறந்துவிடும். ஆனால் முதலாம் வகுப்புச் சுவர் மறக்காது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விடப் போனபோது பார்த்தேன், அங்கே 'ஐ' என்றால் ஐஸ்கிறீம். நல்லதுதான். ஆனால் அந்த ஓர் எழுத்துக்காக நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. இந்த வருடம் கத்தோலிக்கச் சனங்களான எங்களுடைய தபசு காலமும் முஸ்லிம் சனங்களின் நோன்பும் ஒன்றாகத் தொடங்கின. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடமும் அப்படியேதான். விபூதிப் புதனன்று நாங்கள் நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்கூடம் போனோம். அடுத்த நாள் அவர்கள் காய்ந்த உதட்டோடு வந்தார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு இறைச்சி கிடையாது, மற்றப் பாதிக்குப் பகலில் தண்ணீரும் கிடையாது. அந்தப் பசியில்தான் நாங்கள் எழுத்துப் படம் செய்யப் புறப்பட்டோம்.

எங்கள் ஊர் மன்னார்ப் பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே காற்றில் வரும். பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை, கரும்பலகையைக் குறுக்கே வைத்துவிட்டால் அதுதான் சுவர். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டே முதலாம் வகுப்பு கத்துவதெல்லாம் கேட்போம். எங்கள் கணக்குப் பாடத்தை அவர்களும் கேட்டிருப்பார்கள், பாவங்கள்.

முதலாம் வகுப்புச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தது. 'அ'வுக்குக் கீழே ஓர் அன்னம். எங்கள் மன்னார்த் தீவில் அன்னத்தை யார் கண்டார்கள்? டீச்சர் தடியால் தொட்டதும் முதலாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "அ, நாரை" என்று கத்தும். 'ஓ'வுக்கு ஓடம். கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஓடம் என்று ஒன்றே கிடையாது. ஒருவன் வத்தை என்பான், ஒருத்தி வள்ளம் என்பாள், இன்னொருவன் பாய் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு இது எங்கள் ஊர் வத்தையே இல்லை என்று சண்டைக்கு வருவான். பாடம் அந்த இடத்திலேயே நின்றுபோகும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து எங்களுக்கும் முதலாம் வகுப்புக்கும் படிப்பித்த டீச்சர் முதலில் பிள்ளைகள் மக்கு என்று நினைத்தாராம். சில வாரங்களில் படம்தான் மக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குள் கறையான் அன்னத்தின் கழுத்தைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது நாரையாகக்கூட இல்லை.

புதுப் படத்தை ஐந்தாம் வகுப்புதான் செய்ய வேண்டும் என்று டீச்சர் சொன்னார். உயிரெழுத்துப் பன்னிரண்டும் ஆய்த எழுத்தும் போதும், ஆனால் படமெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், என்ன விஷயம் என்பதை நாங்களே யோசித்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் அதுவரை ஒருவரும் எதையும் யோசிக்கச் சொன்னதில்லை. நாங்கள் மனப்பாடம் செய்யப் பிறந்தவர்கள். ஆளையாள் பார்த்து முழித்தோம்.

கீறப்போவது யார் என்பதில் மட்டும் சந்தேகம் இருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவள்தான். ஊரில் எல்லோரும் கடை நானா என்று கூப்பிட்ட மளிகைக்கடைக்காரரின் மகள். அவள் பென்சிலைப் பிடித்தால் போத்தல் போத்தலாகவே இருக்கும், அதன் மேல் விழுந்த வெளிச்சமும் இருக்கும். நான் போத்தல் கீறினால் பூசணிக்காய். அந்த வருடம் அவள் முதன்முதலாக முழு நோன்பும் பிடிப்பதென்று வைராக்கியமாக இருந்தாள். இடைவேளையில் நாங்கள் தண்ணீர்ப் பானையடியில் நிற்கும்போது அவள் பூவரசின் கீழ் போய் இருந்துவிடுவாள். நானும் தண்ணீர் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் இருப்பேன்.

அப்படி இருந்த ஒரு நாள்தான் அவள் சொன்னாள்.

"பெரிய வாப்பா சொல்லிப்போட்டார். இந்த வருசத்தோட எனக்குப் பள்ளிக்கூடம் சரியாம்."

"உன்ர வாப்பா என்ன சொன்னவர்?"

"வாப்பா ஒண்டும் சொல்லேல்ல."

பெரிய வாப்பா என்பது அவளுடைய வாப்பாவின் தமையன். வெள்ளைத் தாடி, இடுப்பில் அகலமான பச்சை வார், கையில் பிரம்பு. அந்தக் குடும்பத்தில் கல்யாணமா, காணியா, கிணறு வெட்டுவதா, அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளை எழுத்துப் படித்துவிட்டாள், இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்பதுதான் அவர் கேள்வி. அவளுக்கோ மன்னார்ப் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சித்திரம் தனிப் பாடமாக இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. சொல்லும்போது அவள் அழவில்லை. மண்ணில் ஈர்க்கால் ஒரு பூவரசம் இலையைக் கீறிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நான் இரகசியத்தை வைத்திருக்கத் தெரிந்தவள் இல்லை. மணி அடிக்கும் முன்பே டீச்சரிடம் சொல்லிவிட்டேன். டீச்சர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். பிறகு, பெருநாள் முடிந்து அடுத்த கிழமை புதுப் படத்தைத் திறந்து வைப்போம், ஊரையெல்லாம் கூப்பிடுவோம், அந்தப் பிள்ளையின் கையை அந்த வீட்டுக்காரர்கள் வந்து கண்ணால் பார்க்கட்டும் என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே இது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எழுத்துப் படம் என்பது போய், கடை நானாவின் மகளை எங்களோடு வைத்திருக்கிற வேலை என்று ஆகிவிட்டது.

விஷயம் தெரிவு செய்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலில் எழும்பியவன் சம்மாட்டியின் மகன். அவன் அப்பாவுக்கு மூன்று வள்ளமும் கரைவலையும் இருந்தன, அதனால் அவன் எங்கும் முதலில்தான் எழும்புவான். எல்லாம் மீன் என்றான். அறக்குளா, இறால், ஒட்டி, ஓரா என்று விரல் மடக்கினான். மற்றப் பையன்களும் சேர்ந்துகொண்டு அன்றைய சந்தையையே கரும்பலகையில் கொட்டினார்கள். 'ஐ'யில் வந்து வள்ளம் தரை தட்டியது. 'ஐ'யில் தொடங்குகிற மீன் இந்தக் கடலில் இல்லை. ஐலேசா என்று ஒரு மீன் இருப்பதாக அவன் சத்தியம் செய்து பார்த்தான், ஒருவரும் நம்பவில்லை.

பிறகு நான் எழும்பினேன். எனக்குக் கோயில் திருநாள்தான் வேண்டும். ஆராதனை, உத்தரியம், எண்ணெய் விளக்கு என்று அழகாகத்தான் தொடங்கினேன். 'ஒ'வுக்கு ஒருசந்தி என்றேன். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு இருப்பதை எப்படிக் கீறுவது என்று டீச்சர் கேட்டார். வெறும் கோப்பை கீறலாம் என்றேன். உடனே கடை நானாவின் மகள், அப்படியென்றால் நோன்புக்கும் அதே கோப்பையைத்தான் கீற வேண்டும் என்றாள். பசியில் கிடந்த வகுப்பு முழுவதும் அதற்கு அப்படிச் சிரித்தது. திருநாள் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான், ஆனால் நானும் சிரித்தேன்.

கடைசி வாங்கில் ஒருவன் இருந்தான், அவன் எப்போதும் கழுதைகளோடு திரிவான். எங்கள் தீவில் கழுதைக்கு என்ன குறைவு. அவன் மெதுவாக எழும்பி, கழுதை என்றான். 'க' உயிரெழுத்து இல்லை என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னார். அது தனக்குத் தெரியும் என்றான். எல்லாப் படத்திலும் ஒரே கழுதைதான், ஒவ்வொரு எழுத்திலும் அது ஒவ்வொரு வேலை செய்யும். 'அ'வில் அழும், 'ஆ'வில் ஆடும், 'இ'யில் இருமும், 'உ'வில் உதைக்கும், 'ஏ'யில் ஏறும், 'ஓ'வில் ஓடும். சொல்வதோடு நிற்காமல் இருமியும் உதைத்தும் காட்டினான். 'ஐ'க்கு ஐந்து கழுதை. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். அதிகாரி வந்து பார்த்தால் என்னை அந்தக் கழுதையிலேயே ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்பிவிடுவார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றுவரை நான் கேட்ட யோசனைகளில் அதுதான் திறமானது.

ஆனால் அதற்கும் மீனுக்கும் வேறொரு தடை இருந்தது. உயிர் உள்ளதைக் கீறுவதற்குத் தன் உம்மா விடமாட்டார் என்று கடை நானாவின் மகள் அப்போதுதான் சொன்னாள். முகமும் கண்ணும் உள்ளது எதுவும் கூடாது. மனிதர், மிருகம், பறவை, மீன், எல்லாம் போயின. சம்மாட்டியின் மகன் விடவில்லை. செத்த மீனைக் கீறலாம்தானே, கருவாடு கீறு என்று மன்றாடிப் பார்த்தான். அவள் தலையாட்டிவிட்டாள். கருவாட்டுக்கும் கண் இருக்கிறது.

கரும்பலகை வெறுமையானது. உயிர் இல்லாததாகவும் இருக்க வேண்டும், முதலாம் வகுப்புப் பிள்ளை கண்டவுடன் பெயர் சொல்வதாகவும் இருக்க வேண்டும், கோயில்காரர் வீட்டிலும் பள்ளிவாசல்காரர் வீட்டிலும் இருப்பதாகவும் இருக்க வேண்டும். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். கடைசியில் அவளே சொன்னாள். சத்தமே இல்லை, நோன்பில் தொண்டை வறண்டிருந்தது.

"எங்கட கடையில எல்லா எழுத்தும் இருக்கு, டீச்சர்."

அடுத்த நாள் வகுப்பு முழுவதும் வரிசையாகக் கடைக்குப் போனது. கடை நானா எங்களைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒன்றும் வாங்காமல் தட்டுகளை உற்றுப் பார்த்தால் எந்தக் கடைக்காரருக்கும் சந்தேகம் வரும். டீச்சர் தராசைச் சோதித்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். நாங்கள் போகும்வரை துடைத்தார். சாமான் நிறுக்க வந்த ஒரு பெண் தட்டு பளபளக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடையின் வாசம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. வாசலில் மண்ணெண்ணெய், உள்ளே போனால் கருவாடு, அதைத் தாண்டினால் கறுவாவும் ஏலக்காயும், மூலையில் புதுச் சாக்கு. செத்தல் மிளகாய்ச் சாக்கின் பக்கம் போனவர்கள் எல்லோரும் தும்மினார்கள். நோன்புக்கென்று வந்த ஈச்சம்பழம் ஒரு பனையோலைப் பெட்டியில் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. 'ஈ' கிடைத்தது. இஞ்சி, ஆணி, ஊசி என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்து விரலை நீட்டினோம். உள்ளி, எண்ணெய்ப் போத்தல், ஒடியல், ஓமம். 'ஔ'வுக்கு டீச்சர் ஒரு மருந்துப் போத்தலைக் காட்டி, ஔடதம் என்று ஒரு சொல் இருப்பதாகச் சொன்னார். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். கடை நானாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன், ஏனென்றால் அவர் அந்தப் போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'ஐ' மட்டும் மிஞ்சியது. ஐஸ் கடையில் இல்லை, அது மீன்பெட்டியோடு ரயிலில் போகிற பொருள். ஐந்து விரல் என்றால் கை, கை என்றால் ஆள். தேடிக் களைத்து நிற்கும்போது அவள் கல்லாப்பெட்டி மேல் கிடந்த ஐந்து சதத்தை எடுத்தாள். அந்த நாளைய ஐந்து சதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், மூலை மழுங்கிய சதுரக் காசு. உள்ளங்கையில் வைத்து மூடினால் நாலு மூலையும் குத்தும். எத்தனை வருடமாயிற்று அதைத் தொட்டு. அதில் ராசாவின் தலை இருக்கிறதே என்று நான் பயந்தேன். அவள் காசைப் புரட்டித் தலையில்லாத பக்கத்தைக் காட்டினாள்.

போகும்போது கடை நானா மனம் இளகி ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு கொடுத்தார். நான் தபசுக்கு இனிப்பை விட்டிருந்தேன். அவள் நோன்பு. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம், வீடு போவதற்குள் விரலெல்லாம் பாகு. சம்மாட்டியின் மகன் தன்னுடையதையும் தின்று, கைநீட்டி எங்களுடையதையும் கேட்டான். என் சட்டையில் இருந்த கறையைப் பார்த்த அம்மா, தபசு காலத்தில் கடையில் போய் இனிப்புக் கேட்டு நின்றாயா என்று ஏசினார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. எழுத்துத் தேடிக் கடைக்குப் போனோம் என்றால் யார்தான் நம்புவார்கள்?

பெரிய வெள்ளைக் கடதாசி மட்டையை டீச்சர் மன்னாரிலிருந்து வாங்கி வந்தார். அதில் பிழை விட முடியாது. அதனால் அவள் ஒவ்வொரு படத்தையும் முதலில் கடையில் சாமான் சுற்றுகிற மண்ணிறக் கடதாசித் துண்டுகளில் கீறிக் கீறிப் பழகினாள். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, உடம்பில் தெம்பு வந்தபிறகு கடையின் பின்பக்கம் இருந்து கீறுவாள். ஈச்சம்பழம் மட்டும் பகலில் கீறினாளாம். பசியோடு கீறினால்தான் அது ஈச்சம்பழம் மாதிரி வருகிறதாம். ஒவ்வொரு எழுத்தும் ஏழெட்டுத் தடவை. சரியாக வராததை எல்லாம் ஒரு மூலையில் போட்டு வைத்தாள். அவளுடைய உம்மா வீடு கூட்டும்போது அவற்றை அள்ளி, கடதாசியை வீணாக்கக் கூடாதென்று, கடையில் மல்லி மிளகாய் கட்டும் சரை சுருட்டுகிற அடுக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அம்மா என்னை மல்லி வாங்க அனுப்பினார். சரையைப் பிரித்து மல்லியைச் சுளகில் கொட்டிவிட்டுக் கடதாசியைப் பார்த்தார். ஓர் ஊசி, காதில் நூல் கோத்தபடி. தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசிக்குப் பக்கத்தில் வளைந்து கிடப்பது என்ன என்று கேட்டார். 'ஊ' என்றேன். அம்மா அந்தக் கடதாசியை முழங்காலில் வைத்து நீவி நீவி நேராக்கினார். பிறகு கஞ்சியைத் தடவி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டார். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலில் செபப்புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாயசைப்பார். நான் பக்கத்திலேயே முழங்காலில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு என்னை அனுப்புவது நின்றுபோனது, அவரே போனார்.

அவர் மட்டுமா. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஓர் எழுத்துப் போய்ச் சேர்ந்திருந்தது. சம்மாட்டியின் பெண்சாதியிடம் மூன்று 'அ' இருந்தன, 'ஏ' இல்லை. எங்களிடம் இரண்டு 'ஏ' இருந்தன. வேலிக்கு மேலால் மாற்றினார்கள். கடையில் பெண்கள் மிளகாயை 'உ'வில் சுற்றுங்கோ, சீனிக்கு 'ஓ' இருந்தால் பாருங்கோ என்று கேட்கத் தொடங்கினார்கள். நிறை கூடியதா குறைந்ததா என்று ஒருவரும் கதைக்கவில்லை. கடை நானா முணுமுணுத்தார், ஆனால் அடுக்கைக் கிளறித் தேடியும் கொடுத்தார். மகளிடம் இன்னும் கொஞ்சம் கீறு என்றும் சொன்னாராம்.

பெருநாள் வந்தது, இனிப்பான வட்டிலப்பம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நான் தபசை நினைத்து மூடி வைத்தேன், அம்மா அதைத் தம்பிக்குக் கொடுத்தார். அடுத்த கிழமை மண்டபத்தில் புதுப் படம் ஒரு வேட்டியால் மூடித் தொங்கியது. கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் பெரிய வாப்பா பிரம்பை ஊன்றிக்கொண்டு இருந்தார். அவர் பக்கத்தில் கடை நானா, புதுச் சாரம், புதுத் தொப்பி.

வேட்டியை எடுத்ததும் பின்வரிசைப் பெண்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கடைச் சாமான் எல்லாம் அந்த வெள்ளை மட்டையில் அவ்வளவு அழகாக இருந்தது. இஞ்சியின் முடிச்சில் மண் ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் ஒரு துளி வழிந்தது. ஆய்த எழுத்தை மூன்று கொட்டைப்பாக்காகக் கீறியிருந்தாள். முதலாம் வகுப்பு எழும்பி, டீச்சர் தடியால் தொடத் தொட, அரிசி, ஆணி, இஞ்சி என்று ஓரிடத்திலும் தடக்காமல் கத்தியது. 'ஔ'வில் மட்டும் ஒரு சிறுமி "ஔ, நானான்ர மருந்து" என்றாள். கடை நானாவே சிரித்தார்.

பெரிய வாப்பா சிரிக்கவில்லை. எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய்ப் பிரம்பு நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பன்னிரண்டு. அங்கால மூண்டு பாக்கு. இதுக்கோ அஞ்சு வருசம்? எங்கட ஓதுற பள்ளியில பிள்ளையள் ஒரு நோன்புக்குள்ள எல்லா எழுத்தும் முடிச்சுப்போடுவினம். இனி இவள் வந்து என்னத்தைப் படிக்கிறது?"

டீச்சரின் முகம் செத்துப்போனது. நாங்கள் இவ்வளவு பாடுபட்டுச் செய்த படமே அவள் காலை வாரிவிட்டது. நான் அவளைப் பார்த்தேன். நோன்பு முழுவதும் பிடித்தவள், ஒருநாளும் துவளாதவள், அப்போது கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் கடை நானா எழும்பினார். தொப்பியைச் சரிசெய்தார். கடையில் கடன் கேட்க வந்தவர் போல அவ்வளவு பணிவாக டீச்சரைப் பார்த்தார்.

"எனக்கு விளங்காமக் கேக்கிறன், டீச்சர். தமிழ் எழுத்து இவ்வளவுந்தானோ? இன்னும் கிடக்கோ?"

கடை வைத்திருக்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்காக. டீச்சர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, இது தொடக்கம் மட்டும்தான், எல்லாமாக இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்றார்.

பெரிய வாப்பா திரும்பினார். "எத்தினை?"

டீச்சர் இன்னொரு தரம் சொன்னார். கடை நானா வாயில் விரலை வைத்து, அவ்வளவோ, அவ்வளவோ என்று அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். பெரிய வாப்பா தன் பச்சை வாரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படத்தை எண்ணத் தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் என் அம்மா. கோயிலில் பங்குச் சுவாமி கேட்டாலே வாய் திறக்காத அம்மா.

"பெரியவர், மிச்ச எழுத்து எங்களுக்கும் வேணும். இந்தப் பிள்ளை நிண்டுபோனா ஆர் கீறித் தாறது?"

மற்றப் பெண்களும் ஓம் ஓம் என்றார்கள். பெரிய வாப்பா அவர்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அவர் ஓதலைத் தொடங்கிப் பாதியில் மூடி வைப்பதைப் பெரிய குற்றமாக நினைக்கிறவர். தன் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையும் குர்ஆன் ஓதி முடிக்காமல் எழும்ப விட்டதில்லை.

"தொடங்கினதைப் பாதியில மூடி வைக்கிறது எங்கட வீட்டில இல்ல," என்றார். "எழுத்து முடியுமட்டும் போகட்டும்."

நாங்கள் கைதட்டிய தட்டில் கூரையிலிருந்து தூசி கொட்டியது.

தை மாதம் அவளும் நானும் ஒன்றாகக் காலை ரயிலில் மன்னார்ப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் போனோம். ஒவ்வொரு பெருநாளுக்கும் பெரிய வாப்பா அவளைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்பார். இவள் 'க' வரிசையில் நிற்கிறேன் என்பாள். ஒரு வருடம் கழித்தும் 'க' வரிசைதான். அவ்வளவு மெதுவாகக் கீறினாள். ஒவ்வொரு எழுத்தையும் கடதாசியில் கீறிச் சரை அடுக்கில் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. என் அம்மா அதில் எழுத்துக் கூட்டப் பழகி, செபப்புத்தகத்தில் உண்மையாகவே வாசித்தார், கொஞ்சம் சத்தமாகவே, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. அவள் 'ச' வரிசைக்கு வந்தபோது சித்திர ஆசிரியையாக நியமனம் கிடைத்துவிட்டது. பெரிய வாப்பா அந்தச் செய்தி கேட்டு, வேலை கிடைத்தாலும் மிச்சத்தை விடாதே என்றாராம்.

பிறகு வந்த வருடங்கள் உங்களுக்கும் தெரியும். யுத்தத்தின் நடுவே முஸ்லிம் சனங்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன காலத்தில் அவளும் குடும்பத்தோடு புத்தளம் போனாள். நாங்கள் ஒருபக்கம் சிதறினோம். அந்த மட்டைப் படம், அடுப்படிச் சுவரில் அம்மா ஒட்டியவை, எதுவும் இப்போது இல்லை. அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கும், அதனால் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் அவள் இருக்கிறாள், நான் இருக்கிறேன், தொலைபேசியும் இருக்கிறது. இந்த நோன்பில் ஒருநாள் பேசும்போது, எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். உன் வாப்பாவுக்குப் பாவம் எழுத்து எத்தனை என்றுகூடத் தெரியாமல் இருந்ததே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நிற்க நேரம் எடுத்தது.

"உனக்கென்ன விசரோ? எனக்கு முதல் முதல் 'அ' எழுதக் காட்டினதே வாப்பாதான். அரிசிச் சாக்கில, சோக்கட்டியால."

"அப்ப ஏன் அப்பிடிக் கேட்டவர்?"

"தம்பி சொன்னா பெரிய வாப்பா கேப்பாரோ? தன்ர காதால டீச்சரிட்டக் கேட்டுத் தன்ர வாயால சொன்னாத்தானே சரிவரும். அண்டைக்கு வாப்பா வீட்ட வந்து உம்மாவிட்டச் சொன்னவராம், என்ர சீவியத்தில நான் கேட்ட கேள்வியளில அதுதான் நல்ல விலைக்குப் போனதெண்டு."